பகலில் தூள், இரவில் கட்டி: ஒரு மாங்கூழ் ஆலையின் ஸ்ப்ரே டிரையர்

கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளுக்கு ஆண்டில் மூன்று மாதம்தான் ஓட்டம். பெங்களூரா ரக மாம்பழ வரத்து மே கடைசியில் சூடுபிடிக்கும், ஜூலை முடிவதற்குள் அடங்கத் தொடங்கிவிடும். பழத்தைக் கழுவி, கொட்டையை நீக்கி, பல்ப்பரில் அடித்து, சல்லடையில் விட்டு, சூடுபடுத்தி, கிருமி நீக்கிய பையில் அடைத்து டிரம்மில் இறக்கினால் வேலை முடிந்தது. ஒரு டிரம் 215 கிலோ. பெங்களூரா கூழின் பிரிக்ஸ், அதாவது நூற்றில் கரைந்திருக்கும் திடப்பொருளின் பங்கு, 14, 15, மிஞ்சினால் 16. அப்படியானால் அந்த 215 கிலோவில் 180 கிலோவுக்கு மேல் தண்ணீர். சென்னைத் துறைமுகம் வரை லாரி வாடகை கொடுத்து ஏற்றி அனுப்புவது பெரும்பாலும் அதைத்தான்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஆலை நடத்தும் ஒருவருக்கு இந்தக் கணக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கூழ் விலை விழுந்த ஒரு பருவத்துக்குப் பிறகு, பழைய ஸ்ப்ரே டிரையர் ஒன்றை வாங்கிப் போட்டார். மணிக்கு 20 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கும் சின்ன இயந்திரம். கூழைத் தெளித்து, சூடான காற்றில் காயவைத்து, மாம்பழப் பவுடராக ஐஸ்கிரீம்காரர்களுக்கும் பேக்கரிகளுக்கும் விற்கலாம் என்பது திட்டம். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் முதல் கோளாறு வந்தது: பவுடரே கிடைக்கவில்லை. அதைச் சரிசெய்ததும் இரண்டாவது: பகல் ஷிஃப்டில் மாவாக ஓடிய பவுடர் இரவு ஷிஃப்டில் கட்டி தட்டியது. இரண்டுக்கும் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பெயர்களை விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் எழுதுகிறேன். பழப் பவுடர் போட நினைக்கும் சிறு ஆலைகள் பலவும் இதே இரண்டு இடங்களில்தான் இடறுகின்றன.

சேம்பருக்குள் நடப்பது

திரவத்தைத் தெளித்துக் காயவைக்கும் முறைக்கு சாமுவேல் பெர்சி என்பவர் 1872இலேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார். பால் பவுடர், சலவைத்தூள், உடனடிக் காபி, ரெக்சின் செய்யப் போகிற பேஸ்ட் பிவிசி என்று எல்லாவற்றுக்கும் அதே வழிதான். சேம்பர் என்பது உலர்த்தும் அறை; அதன் உச்சியில் ஆட்டமைசர் சக்கரம் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அதில் விழும் திரவம் விளிம்பிலிருந்து பொடித் துளிகளாகச் சிதறுகிறது. துளி 50 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் கூழ் சுமார் 1,500 கோடித் துளிகளாகும். அத்தனையின் மேற்பரப்பையும் சேர்த்தால் 120 சதுர மீட்டர். இவ்வளவு பரப்பு கிடைப்பதால்தான் கண் இமைப்பதற்குள் தண்ணீரில் பெரும்பங்கு போய்விடுகிறது.

உள்ளே வரும் காற்று 165 டிகிரி. மாம்பழம் கருகிவிடாதா என்று பார்க்க வருகிற எல்லோரும் கேட்பார்கள். தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை துளியின் சூடு 45 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஆவியாவதற்கான வெப்பத்தைத் துளி அந்தக் காற்றிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது, காற்றும் ஆறுகிறது. தண்ணீர் குறைந்து மேலே ஒரு தோல் கட்டிய பிறகுதான் உருண்டையின் சூடு ஏறத் தொடங்கும். அதற்குள் சுற்றியிருக்கும் காற்று 85 டிகிரிக்கு வந்திருக்கும். ஆகவே பவுடரின் தலையெழுத்து வெளியேறும் காற்றின் சூட்டில், அதாவது அவுட்லெட் சூட்டில்தான் இருக்கிறது. பேனலில் பெரிய எழுத்தில் தெரிவது இன்லெட் என்பதால், ஆபரேட்டர்களின் கண் எப்போதும் அங்கேயே போகிறது.

காய்ந்தும் ஒட்டியது

முதல் ஓட்டங்களில், காற்றைச் சுழற்றி அதிலிருந்து பவுடரைப் பிரிக்கும் சைக்ளோனுக்கு அடியிலிருந்த பாத்திரத்தில் கைப்பிடி அளவுதான் விழுந்தது. மீதி எங்கே என்பது சேம்பர் கதவைத் திறந்ததும் தெரிந்தது. கூம்பின் உட்சுவர் முழுக்கத் தேன் நிறத்தில் ஒரு படலம். சூடு இருந்த இடத்தில் விரலை வைத்து எடுத்தால் நூலாக இழுபட்டது. ஆறிய இடத்தில் நகத்தால் தட்டினால் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. கமர்கட்டுக்குப் பாகு காய்ச்சிய கடாயைப் போல இருந்தது அந்தக் கூம்பு.

ஆலையில் எல்லோருக்கும் ஒரே கருத்து: ஈரம் சரியாகப் போகவில்லை, அதனால் ஒட்டுகிறது, சூட்டைக் கூட்டு. இன்லெட்டை 190க்கு ஏற்றியிருக்கிறார்கள். அவுட்லெட் 95ஐத் தாண்டியது. படலம் இன்னும் தடித்தது, நிறம் பழுப்பேறியது, மாம்பழ வாசனை போய் வெல்ல வாசனை வந்தது. சுவரைக் கழுவவே பாதி நாள் போனது.

சுவரிலிருந்து பெயர்த்த சில்லில் ஈரம் எவ்வளவு என்று பார்த்தோம். மூன்று சதம்கூட இல்லை. மாம்பழம் நன்றாகக் காய்ந்துதான் இருந்தது. காய்ந்த பிறகும் ஒட்டியது. அப்படியானால் உலர்த்துவதில் குறை இல்லை, உலர்ந்த பொருளின் குணத்தில்தான் சிக்கல்.

மாங்கூழில் தண்ணீரை எடுத்துவிட்டால் மிஞ்சுவதில் பெரும்பங்கு சர்க்கரை. சுக்ரோஸ் அதிகம், அப்புறம் ஃப்ரக்டோஸும் குளுக்கோஸும். கொஞ்சம் சிட்ரிக் அமிலம், கொஞ்சம் நார். இவ்வளவு வேகமாகக் காயும்போது சர்க்கரைக்குப் படிகம் கட்ட நேரம் கிடைப்பதில்லை. மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல் அப்படியே உறைந்து கண்ணாடி நிலைக்குப் போய்விடுகின்றன. அந்த நிலைக்கு ஒரு வெப்பநிலை எல்லை உண்டு. எல்லைக்குக் கீழே பொருள் கெட்டியாக, உடையும்படி இருக்கும். எல்லையைத் தாண்டினால் இளகும். இன்னும் 10, 20 டிகிரி ஏறினால் தொட்டதில் எல்லாம் ஒட்டும். உலர்ந்த சுக்ரோஸின் எல்லை 62 டிகிரி, குளுக்கோஸுக்கு 31, ஃப்ரக்டோஸுக்கு வெறும் 5. பாலில் இருக்கும் லாக்டோஸுக்கு 101.

பால் பவுடர் சுலபமாக வருவதற்கும் பழப் பவுடர் பாடாய்ப் படுத்துவதற்கும் பெரிய காரணம் இந்த எண்கள். பாலில் இருக்கும் புரதமும் கைகொடுக்கிறது என்பது உண்மைதான். எருமைப்பாலைப் பவுடராக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் குஜராத்தின் ஆனந்தில் எச். எம். தலாயா அதைச் செய்துகாட்டினார், 1955இல் அங்கே ஆலையே திறக்கப்பட்டது. இந்தக் கதையைச் சொல்லி, “பாலையே பவுடராக்கிட்டாங்க, மாம்பழம் என்ன பிரமாதம்?” என்று இயந்திரத்தை விற்றவர் பேசியிருக்கிறார். கதை சரி, அதிலிருந்து அவர் எடுத்த முடிவு தப்பு.

பாலிமர் கலவைகளின் கண்ணாடி நிலையைக் கணக்கிட டி. ஜி. ஃபாக்ஸ் 1956இல் ஓர் எளிய சூத்திரம் கொடுத்தார். கலவையில் ஒவ்வொரு பொருளின் எடைப் பங்கையும் அதனதன் கண்ணாடி நிலை வெப்பநிலையால் கெல்வினில் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டி, தலைகீழாக்கினால் கலவையின் எல்லை கிடைக்கும். துல்லியம் எதிர்பார்க்கக் கூடாது. ஆலையில் நின்றுகொண்டு செல்போனில் போட்டுப் பார்க்கப் போதும். மாம்பழச் சர்க்கரைகளுக்குப் போட்டால், முழுக்க உலர்ந்த நிலையில் 40 டிகிரி வருகிறது. அதில் 3 சதம் ஈரம் இருந்தால் 29. தண்ணீரின் சொந்த எல்லை மைனஸ் 137 டிகிரி என்பதால், கொஞ்சம் ஈரமும் கலவையைக் கீழே இழுத்துவிடும். காவேரிப்பட்டணத்தில் ஜூன் மாத மதியத்து அறைச்சூடே 29ஐத் தாண்டும். 85 டிகிரி சேம்பரில் அந்த உருண்டைகள் சுவரில் மோதும்போது பசையாகத்தான் இருக்கும். சூட்டைக் கூட்டினால் பசை மேலும் இளகும், வேறொன்றும் நடக்காது.

எதில் இருபது சதம்?

எல்லையை மேலே தூக்க நீளச் சங்கிலி மூலக்கூறு வேண்டும். பாலிமர்தான் வேண்டும். உணவில் சேர்க்கக்கூடியதில் கைக்கு அருகில் இருப்பது மால்டோடெக்ஸ்ட்ரின். ஸ்டார்ச்சின் நீளச் சங்கிலியை நொதி விட்டுத் துண்டாக்கினால் கிடைக்கும் வெள்ளைத் தூள். துண்டு எவ்வளவு சிறியது என்பதை டிஇ எண் சொல்லும். எண் கூடக் கூடத் துண்டு சிறியது, இனிப்பு அதிகம், கண்ணாடி எல்லை தாழ்வு. டிஇ 20 என்றால் எல்லை சுமார் 141 டிகிரி, டிஇ 10க்கு 160, டிஇ 5க்கு 188. மாம்பழச் சர்க்கரையின் 40 டிகிரியோடு ஒப்பிட்டால் இதன் பலம் புரியும்.

இதை நான் விளக்கி முடிப்பதற்குள் ஆபரேட்டர் குறுக்கிட்டார். “அதெல்லாம் போட்டுத்தான் சார் ஓட்டறோம். பேப்பர்ல இருக்கற மாதிரியே இருபது பர்சன்ட்.”

பேப்பரை வாங்கிப் பார்த்தேன். இயந்திரத்தோடு வந்த செய்முறைத் தாள். “மால்டோடெக்ஸ்ட்ரின் 20%” என்று இருந்தது. எதில் 20 என்று இல்லை. இவர்கள் பிரிக்ஸ் மீட்டரை நம்பி வாழ்பவர்கள், அதனால் கூழில் இருக்கும் திடப்பொருளில் 20 சதம் என்று எடுத்துக்கொண்டார்கள். 100 கிலோ கூழில் 15 கிலோ திடப்பொருள், அதில் 20 சதம் 3 கிலோ. தாளை எழுதியவர் மனதில் இருந்தது கூழின் மொத்த எடையில் 20 சதம், அதாவது 20 கிலோ. கிட்டத்தட்ட ஏழு மடங்கு வித்தியாசம். 3 கிலோ போட்டால் எல்லை 42 டிகிரிக்குத்தான் ஏறும். 85 டிகிரிக் காற்றில் அது எந்த மூலைக்கு? உணவு ஆலைகளில் சதவீதத்தில் செய்முறை எழுதுவதையே தடை செய்ய வேண்டும் என்பது என் கட்சி. “100 கிலோ கூழுக்கு இத்தனை கிலோ” என்று எழுதிவிட்டால் இந்த வம்பே இல்லை.

மூன்று அளவுகளில் ஓட்டிப் பார்த்தோம். டிஇ 10 வகை, இன்லெட் 165, அவுட்லெட்டை 80க்கு இறக்கினோம். 100 கிலோ கூழுக்கு 10 கிலோ போட்டபோது, 3 சத ஈரத்தில் எல்லை 63 டிகிரி என்று கணக்கு சொன்னது. பவுடர் வந்தது, ஆனால் பாதி சுவரிலேயே தங்கியது. 15 கிலோ போட்டால் எல்லை 73. சுவரில் மெல்லிய தூசி மட்டும் படிந்தது, வெளியிலிருந்து ரப்பர் சுத்தியால் தட்டினால் உதிர்ந்தது. 20 கிலோவில் சுவர் பளிச்சென்று இருந்தது, ஆனால் பவுடரை நாக்கில் வைத்தால் மாவுதான் முன்னால் வந்தது, மாம்பழம் எங்கோ பின்னால் நின்றது. 15 கிலோவில் நிறுத்திக்கொண்டோம்.

100 கிலோ கூழும் 15 கிலோ மால்டோடெக்ஸ்ட்ரினும் சேர்ந்தால் 30 கிலோ திடப்பொருள். 3 சத ஈரத்தோடு 31 கிலோ பவுடர் வர வேண்டும். பாத்திரத்தில் 24, 25 கிலோ கிடைத்தது. மீதி சுவர்த் தூசியும் சைக்ளோன் தாண்டிப் போன நுண்தூளும். இந்த அளவு இயந்திரத்துக்கு இது கெட்ட கணக்கு அல்ல. ஆவியாக்க வேண்டிய தண்ணீர் 84 கிலோ, அதனால் ஒரு சுற்றுக்கு நாலேகால் மணி நேரம் பிடிக்கும்.

மோர்ப் புரதம் (வே புரோட்டீன்) கொஞ்சம் சேர்த்தால் மால்டோடெக்ஸ்ட்ரினை வெகுவாகக் குறைக்கலாம் என்ற யோசனையும் வந்தது. புரதம் துளியின் மேற்பரப்புக்கு ஓடிப்போய் அங்கேயே தோலாகப் படியும், அதனால் சிறிதளவே போதும். ஆனால் பாக்கெட்டில் பால் ஒவ்வாமை எச்சரிக்கை போட வேண்டிவரும். ஓனர் வேண்டாம் என்றார்.

கண்ணாடிச் சில்லில் ஒரு சிட்டிகை

பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மைக்ராஸ்கோப் கிடைத்தது. பவுடரைத் தண்ணீரில் போட்டுப் பார்க்க முடியாது, கரைந்துவிடும். சமையல் எண்ணெய் ஒரு சொட்டில் ஒரு சிட்டிகையைத் தூவி வைத்தோம். மங்கலான மஞ்சளில் உருண்டைகள். சில முழு வட்டம். பல உருண்டைகளில் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. பெரிய உருண்டைகளின் மேல் சின்ன உருண்டைகள் அப்பியிருந்தன. 50 மைக்ரான் துளி உள்ளே இடைவெளியில்லாமல் கெட்டியாகக் காய்ந்தால் 30 மைக்ரானுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுருங்க வேண்டும். கண்ணில் பட்டவற்றில் நிறைய உருண்டைகள் 40க்கும் மேல்.

காரணம் அடுத்த சோதனையில் தெரிந்தது. காய்ந்த பவுடரைத் தூவி, மேல்மூடிக் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தோம். தண்ணீர் நகர்ந்து வந்து உருண்டையைத் தொட்டதும் விளிம்பு கரைந்து மெலிந்தது, கடைசியில் நடுவிலிருந்து ஒரு காற்றுக்குமிழி விடுபட்டு மேலே நழுவியது. அடுத்த உருண்டையிலும் அதேதான். உள்ளே வெற்றிடம்.

துளியின் மேற்பரப்பிலிருந்து தண்ணீர் போகும் வேகத்துக்கு ஈடுகொடுத்து, கரைந்திருக்கும் பொருள் உள்நோக்கி நகர வேண்டும். சர்க்கரை மூலக்கூறு சிறியது, ஓரளவு நகர்ந்துவிடும். மால்டோடெக்ஸ்ட்ரின் சங்கிலி பெரியது, நகராமல் மேற்பரப்பிலேயே சேர்ந்துவிடும். இந்த இரண்டு வேகங்களின் விகிதத்தை பெக்லே எண் என்பார்கள். எண் பெரிதானால் தோல் சீக்கிரம் கட்டும், உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீர் ஆவியாகித் தோலை ஊதிவிடும், பிறகு ஆறும்போது அது உள்வாங்கும். பாலிமர் மேற்பரப்பில் சேர்வது நமக்கு நல்லதுதான், ஒட்டாத தோல் அதனால்தான் கிடைக்கிறது. உருண்டை ஊதிப்போவதால் பவுடர் லேசாகி, ஒரு கிலோவுக்குப் பெரிய பாக்கெட் வேண்டியிருக்கும். இன்லெட்டை ஏற்ற ஏற்ற ஊதல் கூடும். 165க்கு மேல் போக வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இரவு ஷிஃப்ட்

இரண்டு வாரம் நன்றாக ஓடியது என்றார்கள். அப்புறம் ஓனரிடமிருந்து போன். பகலில் எடுக்கும் பவுடர் மாவாக ஓடுகிறது, இரவில் எடுப்பது கட்டி கட்டியாக இருக்கிறது. அவர் ஏற்கனவே ஒரு தீர்ப்பும் எழுதிவைத்திருந்தார்: இரவு ஆபரேட்டர் பாத்திரத்தைக் கழுவிவிட்டுத் துடைக்காமல் மாட்டுகிறார்.

“நான் தண்ணி விட்டே கழுவலீங்க ஓனர், துணியிலதான் துடைக்கறேன்” என்று அந்த ஆள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோயிருந்தார். வயதில் பெரியவர், பல்ப்பர் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு இதற்கு வந்தவர். கூழும் மால்டோடெக்ஸ்ட்ரினும் எடைபோட்ட பதிவேட்டைப் பார்த்தேன். பகல் பக்கத்துக்கும் இரவுப் பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை. இன்லெட், அவுட்லெட் எண்களும் அதேதான்.

இரவில் போய் உட்கார்ந்தேன். சைக்ளோன் கூம்பிலிருந்த சின்னத் திறப்பு வழியாக ஒரு மாதிரி எடுத்தோம், பாத்திரத்திலிருந்து ஒரு மாதிரி. கூம்பில் எடுத்தது உதிர்ந்தது, ஈரம் 3 சதம். பாத்திரத்தில் எடுத்தது 6 சதம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சாண் குழாய். பவுடர் டிரையரிலிருந்து நல்லபடியாகத்தான் வருகிறது, பாத்திரத்துக்கு வந்த பிறகு ஈரம் பிடிக்கிறது. இனி ஆளைச் சந்தேகிக்க ஒன்றுமில்லை.

காலிப் பாத்திரத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, எங்கள் கண் முன்னாலேயே மாட்டச் சொல்லி, ஃபீடை ஓடவிட்டு, கொஞ்ச நேரத்தில் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம். அடியில் பவுடர் கொஞ்சம். அதற்கு மேலே, எவர்சில்வர் சுவர் முழுக்க வேர்த்திருந்தது. துளிகள் கோடு போட்டு இறங்கி, பவுடரைத் தொட்ட இடத்தில் மஞ்சள் விளிம்பு கட்டியிருந்தது. பெரியவர் ஒரு விரலால் வழித்து நாக்கில் வைத்தார். “இனிக்குது சார்.” அப்புறம் ஓனர் பக்கம் திரும்பி, “நான் ஊத்தின தண்ணி இல்லீங்க இது” என்றார்.

கணக்கு இதுதான். மணிக்கு 20 கிலோ தண்ணீரை ஆவியாக்க இந்த இயந்திரம் சுமார் 600 கிலோ காற்றை ஓட்டுகிறது. கிலோவுக்கு 33 கிராம் ஈரம் ஏறுகிறது. ஜூன், ஜூலையில் ஊர்க் காற்றிலேயே 15 கிராம் அளவுக்கு இருக்கும். ஆக வெளியேறும் காற்றில் கிலோவுக்கு 48 கிராம். 80 டிகிரியில் அது நல்ல உலர்ந்த காற்றுதான், ஒப்பு ஈரப்பதம் 15 சதத்தைத் தாண்டாது. ஆனால் அதே காற்றை ஆறவைத்தால் 38 டிகிரி வாக்கில் பனி பிடிக்கத் தொடங்கிவிடும். சைக்ளோனுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே வால்வு இல்லை, திறந்த குழாய். சைக்ளோனில் சுழலும் காற்று பாத்திரத்துக்குள்ளும் புகுந்து வெளியேறிக்கொண்டே இருந்தது.

பகலில் தகரக் கூரைக்குக் கீழே, பாய்லருக்குப் பக்கத்தில், பாத்திரச் சுவரின் சூட்டை அளந்தால் 41 டிகிரி. பனி பிடிக்கும் புள்ளிக்கு மேலே. இரவில் 26. எல்லாப் பக்கமும் கதவைத் திறந்துவைத்து மின்விசிறியையும் ஓடவிட்டிருந்தார்கள், ஆட்களுக்குக் காற்று வேண்டுமே. சுவர் ஆறியது, காற்றிலிருந்த தண்ணீர் அங்கே படிந்தது. 6 சத ஈரத்தில் பவுடரின் கண்ணாடி எல்லை 73இலிருந்து 57க்கு இறங்கிவிடும். பாத்திரத்தின் நடுவில் குவியும் பவுடர் சீக்கிரம் ஆறாது, பல மணி நேரம் 60 டிகிரிக்கு மேலேயே இருக்கும். ஆக நடுவில் இருப்பது இளகி ஒன்றோடொன்று ஒட்டியது. சுவரோரம் நேரடியாக நனைந்தது தனிக் கட்டி.

அந்த இரவே, இருந்த சாமானை வைத்து ஒரு சோதனை செய்தோம். பாத்திரத்தைச் சுற்றி கோணிச் சாக்கை இறுகக் கட்டி, மின்விசிறியை வேறு பக்கம் திருப்பி, கதவை அடைத்தோம். கட்டி வெகுவாகக் குறைந்தது. நிரந்தர ஏற்பாடு பிறகு வந்தது. குழாயில் இரட்டை மடல் வால்வு: மேல் மடல் திறக்கும்போது கீழ் மடல் மூடியிருக்கும், பவுடர் மட்டும் இறங்கும், காற்று இறங்காது. சைக்ளோன் கூம்புக்கும் பாத்திரத்துக்கும் சூடேற்றும் டேப் சுற்றி, மேலே காப்பு உறை போட்டு, சுவரை 45 டிகிரியில் வைத்தோம். பவுடரின் எல்லை 73 என்பதால் 45இல் அதற்கு ஒரு கெடுதலும் இல்லை. நிறைந்த பாத்திரத்தை உடனே ஈரம் நீக்கும் இயந்திரம் வைத்த சின்ன அறைக்கு மாற்றி, அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, அலுமினிய ஃபாயில் பையில் அடைக்கிறார்கள். இதில் வால்வுதான் முக்கியம். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் அதை வாங்குங்கள் என்றே சொல்வேன்.

ஓசூரிலிருந்து ஒருவர் இதே அளவு இயந்திரம் போடப்போவதாகச் சொல்லி விசாரித்தார். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரவில் குளிர் அதிகம். பாத்திரம் அங்கே பகலிலேயே வேர்க்க வாய்ப்புண்டு. தொடக்கத்திலேயே வால்வோடு வாங்கச் சொன்னேன்.

மிச்சம் இருப்பவை

நிறம் இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. மாம்பழத்தின் மஞ்சள் பீட்டா கரோட்டினிலிருந்து வருவது, அதற்குக் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் ஆகாது. வெற்றிடத்தோடு காய்ந்த உருண்டையில் பரப்பும் அதிகம், உள்ளே சிறைப்பட்ட காற்றும் உண்டு. ஃபாயில் பையில் நைட்ரஜன் நிரப்பினால் மங்குவது தள்ளிப்போகும். அதற்கான இயந்திரம் இன்னும் வாங்கவில்லை.

மால்டோடெக்ஸ்ட்ரின் விஷயத்தில் எனக்கு ஒரு ஆதங்கம். இந்த ஆலைக்கு வருவது மக்காச்சோளத்தில் செய்தது, வெளிமாநிலத்திலிருந்து மூட்டையாக வருகிறது. தர்மபுரியிலும் சேலத்திலும் மரவள்ளி வயல்கள். 1981இல் சேலத்தில் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் மூலம் ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் விற்பனைக்குப் போகின்றன. மரவள்ளி ஸ்டார்ச்சில் நல்ல மால்டோடெக்ஸ்ட்ரின் செய்யலாம், சோளத்தின் வாடையும் அதில் இருக்காது. நொதித் தொட்டியும் வடிகட்டியும் அதற்கும் ஒரு ஸ்ப்ரே டிரையரும் வேண்டும். தனி ஆலை ஒன்றின் கைக்கு மீறிய முதலீடு அது. பத்து மாங்கூழ் ஆலைகள் சேர்ந்தால் யோசிக்கலாம்.

கடைசியாக லேபிள். சட்டப்படி சேர்மானங்களை எடையின் இறங்கு வரிசையில் எழுத வேண்டும். 100 கிலோ கூழ், 15 கிலோ மால்டோடெக்ஸ்ட்ரின் என்பதால் மாங்கூழ் முதலில் வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பாக்கெட்டுக்குள் இருப்பதோ பாதிக்குப் பாதி. வாங்குபவர்களுக்குக் கொடுக்கும் விவரத்தாளில் “மாம்பழத் திடப்பொருள் 50 சதம்” என்று தனியாகப் போடச் சொன்னேன். ஓனருக்கு மனசே இல்லை, பாதி மாவு என்று எழுதினால் யார் வாங்குவார் என்றார். தர்மபுரி ஐஸ்கிரீம்காரர் ஒருவருக்குத்தான் அந்தத் தாள் முதலில் போனது. அவர் படித்துவிட்டு, “எப்படியும் நான் மால்டோடெக்ஸ்ட்ரின் தனியா வாங்கித்தான் கலவையில போடறேன். இதுல எவ்வளவு இருக்குன்னு சரியாத் தெரிஞ்சா அதுல குறைச்சுக்குவேன்” என்று சொல்லி, ஒவ்வொரு லாட்டுக்கும் அந்த எண்ணை எழுதித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆர்டர் கொடுத்தார்.